பன்னிரண்டு ஒலிகளும் ஒரு முள்வேலியும்

எங்கள் பொறியாளரிடம் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நல்ல விஷயம் இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவரிடம் மெமோ வாங்கியவர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வார்கள். நிலையத்தில் மெமோ வாங்காதவர் யாரும் கிடையாது.

அறுபதுகளின் கடைசி. எண்ணூருக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த மணல்மேட்டில் ஒரு வயர்லெஸ் நிலையம். பட்டணத்துத் தந்தி அலுவலகத்தில் தட்டுகிற டெலிபிரிண்டர் செய்திகள் லைன் வழியாக எங்களிடம் வரும். நாங்கள் அவற்றை அந்தமானுக்கு வானில் அனுப்ப வேண்டும். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை வேலை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நான் அங்கே மெக்கானிக். திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில் போவேன். போகும்போது உப்புக்காற்று எதிரே அடிக்கும், வரும்போது தொழிற்சாலைப் புகை எதிரே அடிக்கும்.

எனக்குப் பிடித்த ஒரே ஆள் எங்கள் ரிக்கர். ஏரியல் கம்பத்தில் ஏறி கம்பிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ராயபுரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு துறைமுகத்தில் கப்பல் கம்பங்களுக்கு வர்ணம் அடித்தார், அதற்குப் பிறகு எங்களிடம் வந்தார். நூற்றைம்பது அடி உயரத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். கழுத்தில் ஒரு சிலுவை தொங்கும். ஏறுவதற்கு முன் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வார். மதியம் ஒரு மணிக்குக் கம்பத்தடியில், கட்டிடத்திலிருந்து ஏரியலுக்குப் போகும் பெரிய கம்பிகளுக்குக் கீழே, கம்பத்தின் நிழலில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிடுவார். அந்தப் பொட்டல் மணலில் வேறு நிழலே இல்லை.

அதுவரை எங்கள் டிரான்ஸ்மிட்டர் ஆறு லைன்களைச் சுமந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஒலி, ஆர்மோனியத்தில் ஆறு கட்டை மாதிரி. பட்டணத்தில் ஒருவர் தட்டும்போது அவருடைய ஒலி விட்டு விட்டு வரும். அவர் சும்மா இருந்தால் ஒலி விடாமல் நின்று இழுக்கும். ஆறு ஒலிகளும் ஒன்றாகக் கலந்து டிரான்ஸ்மிட்டருக்குள் போகும். ஒரு ஜூன் மாதத்தில் அதைப் பன்னிரண்டாக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பொறியாளர் அதைத் தம்முடைய சாதனையாக எடுத்துக்கொண்டார். இனிப்பு கொடுத்தார். பன்னிரண்டு ஒலிகளையும் உண்டாக்கும் புது இயந்திரம் ஒன்று வந்தது. ஒரு மோட்டார், ஒரே அச்சு, அந்த அச்சில் பன்னிரண்டு பல்சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒரு ஒலி.

முதல் வாரமே டிரான்ஸ்மிட்டர் விழ ஆரம்பித்தது. ஏரியலுக்குச் சக்தி கொடுக்கும் கண்ணாடிக் குழாயான கடைசி வால்வு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சுமை போனால், இணைப்பைத் துண்டித்து அதைக் காப்பாற்ற ஒரு ரிலே உண்டு. அது 'டப்' என்று விழும், எல்லாம் நின்றுவிடும். திரும்பப் போட்டால் திரும்ப விழும். அரைமணி நேரம் இப்படிப் போராடிய பிறகு தானாகவே சரியாகிவிடும். நாள் தவறாமல் மதியம் ஒரு மணிக்குத்தான் இது நடந்தது.

பொறியாளர் முதலில் உப்புக்காற்றைக் குறை சொன்னார். பிறகு மின்சாரத்தைக் குறை சொன்னார். பிறகு வால்வைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த லாரியை. ஜூலை முடிவதற்குள் குறை சொல்லக்கூடிய உயிரற்ற பொருள்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஒரு நாள் ரிலே விழுந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தார். கம்பிகளுக்குக் கீழே ரிக்கர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அன்று மாலையே மெமோ. முத்து முத்தான எழுத்தில், "உணவு இடைவேளையில் நீர் உயர் அழுத்தக் கம்பிகளுக்கு அருகே உலோகப் பாத்திரத்துடன் இருந்து டிரான்ஸ்மிட்டரை நிறுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்று. ரிக்கருக்குப் படிக்க வராது. நான்தான் படித்துக் காட்டினேன்.

"இன்னா தம்பி சொல்றான் அந்த ஆளு?"

"உங்க தூக்குச்சட்டியாலதான் மெஷின் விழுதாம் அண்ணே."

"என் தூக்குச்சட்டியாலயா?" அவர் சிரித்தார். "கம்பி பத்தடி மேல கீது. நான் கீய குந்தினு துன்றேன். மீன்குழம்பு ஆவி பட்டு விழுந்துச்சாமா?"

சிரித்துக்கொண்டே போய்ப் பொறியாளரிடமும் அதையே சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு. தொழில் தெரியாதவனுக்குத் தன்னைப் பார்த்து ஒருவர் சிரிப்பது மட்டும் நன்றாகத் தெரியும். மூன்றாம் நாள் சஸ்பென்ஷன்.

நான் எதுவும் பேசவில்லை. மற்ற இரண்டு மெக்கானிக்குகளும் பேசவில்லை. ஒருவர், "அவனுக்கும் வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் காறித் துப்பத் தோன்றும்.

ரிக்கர் போன பிறகும் ஒரு மணிக்கு ரிலே விழுந்துகொண்டேதான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு வெட்கப்பட்டிருப்பார்கள். பொறியாளரோ, "இத்தனை நாள் கெடுத்து வெச்சுட்டுப் போயிருக்கான் பாரு" என்றார். பிறகு ஒலிகளின் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். ரிலே விழவில்லை. அந்தமானிலிருந்து புகார் வந்தது, எழுத்துகள் சிதறி வருகின்றன, பாதிச் செய்தி புரியவில்லை என்று. அளவை ஏற்றினோம். புகார் நின்றது, ரிலே விழுந்தது. இரண்டு மாதம் இதே ஏற்ற இறக்கம். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் "சீரமைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கடைசியில் அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. கம்பத்தின் அடிப்பகுதியையும் கம்பிகள் போகும் பாதையையும் சுற்றி முள்வேலி போடுவது, கதவு வைத்துப் பூட்டுவது, சாவியைத் தாமே வைத்துக்கொள்வது. யாரும் உள்ளே போகாவிட்டால் யாரும் கெடுக்க முடியாதல்லவா? கான்கிரீட் தூண்கள் வந்தன. வேலி மெல்ல வளர்ந்தது.

நவம்பரில் ஒரு புயல் வந்தது. தீவுகளுக்கு எச்சரிக்கைச் செய்திகள் காலையிலிருந்து இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. பட்டணத்து ஆபரேட்டர்கள் அன்று சாப்பிடக்கூட எழவில்லை என்று லைனில் சொன்னார்கள். ஒரு மணி ஆனது. நான் வழக்கம்போல ரிலேயின் முன்னால் போய் நின்றேன். அது விழவில்லை. ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது, விழவில்லை. வேலை மிக அதிகமாக இருந்த நாளில் இயந்திரம் அமைதியாக ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற நாட்களில் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனது ரிக்கர் மட்டுமில்லை. பட்டணத்தில் தீவுப் பிரிவு ஆபரேட்டர்கள் பன்னிரண்டு பேரும் அதே நேரத்தில் எழுந்து போகிறார்கள். யாரும் தட்டாதபோது பன்னிரண்டு ஒலிகளும் விடாமல் நின்று இழுக்கின்றன. ஆக, யாரும் எதையும் அனுப்பாத நேரத்தில்தான் எங்கள் டிரான்ஸ்மிட்டருக்குச் சுமை அதிகம்.

இது பாதிதான். பன்னிரண்டும் சேர்ந்தாலும் சராசரிச் சுமை வால்வு தாங்கக்கூடியதுதான். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பிறகு எதனால் விழுகிறது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலை என்று சொல்லி நிலையத்துக்குப் போனேன். பன்னிரண்டு ஒலிகளையும் ஓடவிட்டு, கலந்து வரும் இடத்தில் அலைகளைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டினேன். திரையில் தெரிந்ததை இன்றும் வரைந்து காட்ட முடியும். பெரும்பாலான இடத்தில் சின்னச் சின்ன நெளிவுகள். பிறகு திடீரென்று ஒரு முள், செங்குத்தாக, திரையை விட்டு வெளியே போகும் அளவுக்கு. மறுபடியும் நெளிவுகள். மறுபடியும் முள்.

பல்சக்கரங்கள் பன்னிரண்டும் ஒரே அச்சில் இருந்தன. செய்தவன் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் ஒழுங்காக மாட்டியிருந்தான். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட ஒரு கணத்தில் பன்னிரண்டு ஒலிகளும் ஒன்றாக உச்சிக்கு ஏறின. ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் அந்த ஒரு கணத்தில் பன்னிரண்டு மடங்கு. சராசரி எவ்வளவு என்று வால்வு பார்ப்பதில்லை, அந்த முள்ளைத்தான் பார்க்கிறது.

ஒவ்வொரு ஒலியும் இரண்டு கம்பிகளில் வந்து டெர்மினலில் திருகாணியால் மாட்டப்பட்டிருந்தது. ஒரு ஒலியின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி மாட்டினேன். அது மேலே ஏறும் நேரத்தில் இப்போது கீழே இறங்கும். முள் கொஞ்சம் குட்டையானது. இன்னொன்றை மாற்றினேன், மறுபடி நீண்டது. வேறொன்று. தாளில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டு எழுதிக்கொண்டே போனேன். அந்த ஞாயிறு முழுவதும் ஆயிற்று, அடுத்த ஞாயிறும் ஆயிற்று. கடைசியில் ஐந்து ஒலிகளைத் தலைகீழாக்கினால் முள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். சராசரி அப்படியே இருந்தது, அந்தமானுக்குப் போகும் சக்தியில் ஒரு சொட்டும் குறையவில்லை. பத்துத் திருகாணி, ஒரு ஸ்க்ரூடிரைவர். அவ்வளவுதான் செலவு. அப்படியே விட்டுவிட்டு மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு ரிலே விழவில்லை. பொறியாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே முள்வேலி நின்றது. முந்தின சனிக்கிழமை மாலைதான் அதன் கடைசித் தூணை நட்டு, கதவைப் பூட்டியிருந்தார்கள்.

"பாத்தியாய்யா?" என்றார். "வேலி போட்டேன், நின்னுது. அவன்தான். நான் அன்னிக்கே சொன்னேன்."

பின்னாலேயே அவர் அறைக்குப் போனேன். "சார், வேலியால இல்ல. நேத்து நான் டோன் ஒயர் அஞ்சை மாத்திப் போட்டேன். ஸ்கோப்ல பாத்தா தெரியும், எல்லா டோனும் ஒண்ணா ஏறுது..."

முழுவதும் கேட்கவில்லை. "ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா சவுண்டு மாறுமா?"

"காதுக்கு மாறாது சார். ஆனா சேரும்போது..."

"மாறாதுன்னு நீயே சொல்றே. அப்புறம் எப்படிய்யா ரிலே விழறது நிக்கும்?" பேனாவை எடுத்தார். "சரி, யாரைக் கேட்டு அதைத் தொட்டே?"

பேனா மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"இதை நான் காதுல போட்டுக்கலை. நீயும் யார்கிட்டேயும் சொல்லாதே. சொன்னா, நீ கை வெச்சதை நான் எழுத வேண்டி வரும்."

வெளியே வந்துவிட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இப்படிக் காரணங்கள் நிறைய வைத்திருந்தேன். ஒரு மாதம் அவற்றையே எனக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாதத்தில் பொறியாளர் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். வேலி போட்டதும் கோளாறு நின்றதால், ரிக்கரின் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது என்று. தட்டச்சு செய்தவர் என்னிடம் காட்டினார். நான் இயந்திரத்தைச் சரிசெய்திருக்காவிட்டால் அந்த வரியை எழுதப் பொறியாளருக்கு வழியே இருந்திருக்காது.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு நாள் ராயபுரம் போனேன். ரிக்கர் வீட்டில் இல்லை. மீன்பிடித் துறையருகே கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"வா தம்பி. ஆபீஸ்ல இன்னா சொல்றாங்கோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு ஒலி, ஒரே அச்சு, முள், ஐந்து கம்பி. சற்றுத் தள்ளி ஆட்கள் ஒரு விசைப்படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தப் பாரு," என்றார். "பன்னண்டு பேரும் ஒரே மூச்சுல வலிச்சா படகு மேல ஏறும். ஆனா கவுறு நைஞ்சதா இருந்தா அறுந்துபூடும். உன் மெஷினுக்குக் கவுறு அறுந்துகினே இருந்துச்சு. நீ பாதிப்பேர வேற பக்கம் திரும்ப வெச்சிட்ட. இன்னா, அதானே?"

பொறியாளருக்குப் புரிய வைக்க முடியாதது இவருக்கு ஒரு பீடி நேரத்தில் புரிந்துவிட்டது.

"ஆமா அண்ணே."

"அப்போ நீ சரி பண்ணதால நான் குத்தவாளி ஆயிட்டேன்."

"ஆமா."

அவர் கடலைப் பார்த்தார். "எங்க தெருவுல எல்லாம் இன்னா பேசிக்கிறாங்கோ தெரியுமா? கவுர்மெண்டு கம்பியில நான் பித்தளை திருடினேனாம். மாதா கோயில்ல கூட ஒருத்தன் தள்ளி குந்துறான். என் பொண்ணு இஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது." உளியை மறுபடி எடுத்தார். "நீ போ தம்பி. லேட்டாவுது."

ஜனவரியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வேலியைப் பார்க்க வந்தார். ஆமாம், வேலியைத்தான். மற்ற நிலையங்களிலும் அப்படி ஒன்று போடலாமா என்று முடிவு செய்ய வேண்டுமாம். முந்தின நாளே வேலித் தூண்களுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். பொறியாளர் கோட் போட்டு வந்தார். அந்த மதிய வெயிலில் கோட். அதிகாரியைச் சரியாக ஒரு மணிக்கு டிரான்ஸ்மிட்டர் முன்னால் நிறுத்திக் காட்டுவது என்று திட்டம். "முன்னெல்லாம் இந்த நேரத்துக்குத்தான் சார் விழும். இப்போ பாருங்க."

பன்னிரண்டே முக்காலுக்கு அவர்கள் இருவரும் வேலியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒலி இயந்திரத்தின் பின்பக்கம் போய் ஐந்து ஒலிகளையும் பழையபடி மாட்டினேன். லைன்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டிய சில விநாடிகளில் யாருடைய தந்தியிலோ நாலைந்து எழுத்துகள் உதிர்ந்திருக்கும். அவசரத்தில் ஒரு திருகாணி கீழே விழுந்து உருண்டது. அதைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஒரு மணி. லைன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பன்னிரண்டாவது ஓய்ந்ததும் 'டப்'.

பொறியாளர் சிரிக்க முயன்றார். "ஏதோ தற்செயல் சார்." திரும்பப் போட்டார். 'டப்'. மூன்றாவது முறையும் 'டப்'.

அதிகாரி கேட்டார், "வேலிச் சாவி யாரிடம்?"

பொறியாளர் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார்.

"உள்ளே யாராவது இருக்கிறார்களா?"

எல்லோரும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தோம். மணலும் வெயிலும்தான் இருந்தன. பொறியாளர் அப்போதும் விடவில்லை. "கடல் பக்கமா வந்து ஏதாவது பண்ணியிருப்பான் சார், அந்த ஆள்."

நான் ஸ்கோப்பைத் தள்ளிக்கொண்டு வந்து மாட்டினேன். முள்ளைக் காட்டினேன். ஐந்து ஒலிகளையும் அதிகாரி கண்ணெதிரே மாற்றினேன். முள் அடங்கியது. டிரான்ஸ்மிட்டரைப் போட்டேன், விழாமல் நின்றது. நான் மாற்றியதையும் திரும்ப மாற்றியதையும், ஏன் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அதிகாரி திரையை வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது, அது முகத்தில் தெரிந்தது. இவராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"இதைச் செய்ய யார் அனுமதி கொடுத்தது?" என்றார்.

எனக்கு இரண்டு சார்ஜ் ஷீட் வந்தன. சரிசெய்ததற்கு ஒன்று, கெடுத்ததற்கு ஒன்று. இரண்டிலும் ஒரே வாசகம்தான், தேதி மட்டும் வேறு. மாநிலத்தின் தென்கோடியில் ஒரு சின்ன நிலையத்துக்கு மாற்றினார்கள். ரிக்கரை "போதிய ஆதாரம் இல்லாததால்" திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் தப்பு செய்யவில்லை என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. சில மாதங்கள் கழித்து எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. பன்னிரண்டு ஒலிகளில் எந்த ஐந்தைத் தலைகீழாக மாட்ட வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தது. என் தாளில் இருந்த அதே கூட்டல் கழித்தல் குறிகள். கீழே எங்கள் பொறியாளரின் கையெழுத்து. இணைப்பாக இன்னொரு படமும் இருந்தது, முள்வேலி போடும் முறை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் பலன் உறுதியாம்.

நான் எண்ணூரை விட்டுக் கிளம்பிய வாரத்தில்தான் ரிக்கர் வேலைக்குத் திரும்பினார். காலையில் கம்பத்தடியில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்றார். மேலே விளக்கு ஒன்று எரியவில்லை, அதைப் பார்க்க ஏற வேண்டும். நான் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"உனுக்கு மாத்தல் வந்துச்சாமே."

"ஆமா அண்ணே."

"என்னால பேஜாரு உனுக்கு." சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "அந்த இஞ்சினீர நான் எப்பவோ மறந்துட்டேன் தம்பி. அவன் ஒரு ஆளே இல்ல. நீ ஒரு மாசம் தெரிஞ்சிகினு சும்மா இருந்த பாரு, அத்தத்தான் மறக்க முடியல."

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கின் பல்பை வாயில் கவ்விக்கொண்டு ஏற ஆரம்பித்தார்.